மாமியாரின் தையல் மிஷினை யார் கையில் கொடுப்பது?

கேள்வி: என் மாமியார் தைத்துக்கொண்டிருந்த கால் மிஷின் எங்கள் வீட்டில் இருக்கிறது. கறுப்பு நிறம், தங்க நிறப் பூவேலை, இரும்புக் கால். சிங்கர் என்று எழுதியிருக்கிறது. அவர் காலமான பிறகு யாரும் அதைத் தொடவில்லை. சக்கரம் சுற்றுகிறது, ஊசி மட்டும் அசையமாட்டேன் என்கிறது. இப்போது சின்ன வீட்டுக்கு மாறப்போகிறோம், அங்கே இதற்கு இடமில்லை. பழைய சாமான் வாங்குகிறவர், மேசை செய்வதற்கு இரும்புக் காலை மட்டும் கேட்கிறார். மகனோ, "இது ஆன்டிக் அம்மா, பெரிய விலைக்குப் போகும்" என்கிறான். தைக்கத் தெரிந்த யாராவது ஒருவர் கைக்குப் போனால் எனக்குப் போதும். எப்படித் தேடுவது? இன்னொன்று: டிராயரில் தோட்டா வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டும், இரண்டு முனையிலும் சின்ன வட்டத் தகடு உள்ள மெல்லிய கம்பிகள் ஐந்தாறும் கிடக்கின்றன. வீடு காலி செய்யும்போது எறிந்துவிடலாமா?
(வாசகி ஒருவர்)

பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அம்மா. எறிந்துவிடாதீர்கள். அந்தத் தோட்டா வடிவத் துண்டுதான் ஷட்டில். மெல்லிய கம்பிகள் என்று நீங்கள் எழுதியவை அதற்குள் போகும் நீள பாபின்கள். கீழ்நூல் வருவது அங்கிருந்துதான். அது இல்லாமல் உங்கள் மிஷின் ஒரு தையல்கூடப் போடாது. பழைய மிஷின்களைப் பழுது பார்க்கும் என்னிடம் வருகிறவற்றில், இரும்பெல்லாம் நல்லபடியாக இருந்தும் ஷட்டில் தொலைந்ததாலேயே முடங்கிப்போனவை நிறைய. இப்போதே ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மிஷினோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுங்கள். வீடு மாறும்போது முதலில் காணாமல் போவது இப்படிப்பட்ட சாமான்தான்.

ஷட்டிலைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்தே மிஷின் எந்த வகை என்றும் ஓரளவு தெரிகிறது. ஊசிக்குக் கீழே ஷட்டில் முன்னும் பின்னும் வளைவாக வீசிப் போய்வரும் வகை அது. சிங்கரில் 27, 127 என்ற மாடல்கள் இந்த வகை. இவற்றின் சின்ன அளவு 28, 128. பாபினில் நூல் சுற்றும் பகுதி கீழே பலகையை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் 27 ஆக இருக்கும். மேலே சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் 127.

சரி, மகன் சொல்லும் பெரிய விலை. அவரை ஏமாற்ற மனமில்லை, ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மிஷின் அழகானது, பழையது, உழைக்கக்கூடியது. அபூர்வமானது மட்டும் இல்லை. சிங்கர் கம்பெனி 1850களிலேயே தவணை முறையில் மிஷின் விற்கத் தொடங்கிவிட்டது. மொத்தமாகப் பணம் கொடுக்க முடியாத குடும்பங்களும் அதனால்தான் வாங்கினார்கள். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் இருந்த அதன் தொழிற்சாலையிலிருந்து மட்டும் 1913-ஆம் ஆண்டு பத்து லட்சத்துக்கும் அதிகமான மிஷின்கள் வெளியே போயின. எல்லாம் வார்ப்பிரும்பு. கீழே போடாமல், துருப்பிடிக்க விடாமல் வைத்திருந்தால் நூறு வருடம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் உலகம் முழுக்க இன்னும் ஏராளமாக இருக்கின்றன. நல்ல விலைக்குப் போகிறவையும் உண்டு. 1850, 60களில் வந்த முதல் தலைமுறை மிஷின்கள் அப்படிப்பட்டவை. 1933-இல் வந்த 221 என்ற ஃபெதர்வெயிட்டும் அப்படித்தான். அலுமினிய உடம்பு, எடை ஏறத்தாழ 5 கிலோ. ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். உங்களுடையது அந்தப் பட்டியலில் வராது.

இதைக் கேட்டு மகன் மனம் தளர வேண்டாம். விலையை மறந்துவிட்டால் வழி சுலபமாகிவிடும். நீங்கள் கேட்டதும் விலை இல்லையே, தைக்கிற கைதானே?

வெளியே தேடுவதற்கு முன்னால் குடும்பத்துக்குள் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாத்தனார், கொழுந்தனார், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரிடமும். "எனக்கு வேண்டாம்" என்ற பதிலை வாயால் கேட்டுக்கொள்வது நல்லது. மிஷின் போன பிறகு, "அம்மா ஞாபகமாக நான் வைத்திருப்பேனே" என்று ஒருவர் சொன்னால் அந்த வருத்தத்தைச் சரிசெய்யவே முடியாது.

இனி அந்த அசையாத ஊசி. மிஷின் செத்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். சக்கரம் லேசாகச் சுற்றி, ஊசி மட்டும் நிற்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது மிஷினின் வலப்பக்கம் இருக்கும் கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள சின்ன வட்டத் திருகு. பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடக்கூடாது என்பதற்காக அதைத் தளர்த்துவார்கள். சுற்றி முடித்ததும் மறுபடி இறுக்க வேண்டும். உங்கள் மாமியார் கடைசியாக பாபின் சுற்றிவிட்டு அதை இறுக்காமலே எழுந்திருக்கலாம். ஒரு கையால் அந்தக் கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சின்னத் திருகை வலஞ்சுழியாக இறுக்குங்கள். பிறகு சக்கரத்தை உங்கள் பக்கமாக மெல்லச் சுற்றிப் பாருங்கள். பல வீடுகளில் 'ரிப்பேர்' என்று ஒதுக்கிய மிஷின் இந்த ஒரு திருகில் எழுந்து ஓடியிருக்கிறது.

இறுக்கிய பிறகு சக்கரமே சுற்ற மறுத்தால் வேறு விஷயம். பழைய எண்ணெய் உள்ளே பசையாகி இறுகியிருக்கும். குறிப்பாக யாராவது சமையல் எண்ணெய் விட்டிருந்தால் அது காய்ந்து பழுப்பு நிறத்தில் கோந்தாகவே ஆகிவிடும். பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள். முதலில் ஷட்டில் ஓடும் இடத்தை மூடியிருக்கும் தகட்டை இழுத்து, உள்ளே அறுந்த நூல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால், கறுத்துப்போன நூல் துணுக்கு ஒன்று பள்ளத்தில் பதிந்து கிடப்பது தெரியும். ஊசி முனையால் கிளப்பி எடுத்துவிடலாம். அப்புறம் மேலே உள்ள சின்ன ஓட்டைகளிலும், இரும்போடு இரும்பு உரசும் எல்லா இடங்களிலும் தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மிஷினின் தலையை, அதாவது பலகைக்கு மேலே இருக்கும் கறுப்புப் பகுதியை, பின்பக்கம் சாய்த்தால் அடியில் இருக்கும் இணைப்புகள் எல்லாம் தெரியும், அங்கேயும் விடுங்கள். ஒரு இரவு அப்படியே இருக்கட்டும். மறுநாள் முடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடு காட்டி, சக்கரத்தை இம்மி இம்மியாக அசைத்துப் பாருங்கள். ஒரு நாளில் முடியாமல் போகலாம். பொறுமையாக எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். சிலர் மண்ணெண்ணெய் விட்டுப் பசையைக் கரைப்பார்கள். அது நல்ல வழிதான், ஆனால் திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் விட்ட மிஷினில் சூடு காட்டவே கூடாது. கரைந்ததும் அதை நன்றாகத் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் விட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்யும் ஆர்வத்தில்தான் பெரிய சேதம் நடக்கிறது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அந்தத் தங்கப் பூவேலை கையால் வரைந்தது இல்லை. மெல்லிய ஒட்டுப்படம், அதன் மேல் அரக்கு வகைப் பூச்சு ஒன்று. ஸ்பிரிட், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம், இவற்றில் எது பட்டாலும் அந்தப் பூச்சு கரையும். ஒரே துடைப்பில் பூ துணியோடு வந்துவிடும். பூச்சு தேய்ந்து போனால் தங்க நிறம் வெள்ளியாக மாறிவிடும், பழைய நிறம் திரும்பாது. சோப்புத் தண்ணீரும் வேண்டாம். மென்மையான பருத்தித் துணியில் மிஷின் எண்ணெயைத் தொட்டு, பூவேலை இல்லாத ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு, மெதுவாக வட்டமாகத் துடையுங்கள். துணியில் பழுப்பு அழுக்கு இறங்கும். துணியை மாற்றி மாற்றித் துடைத்தால் கறுப்பு பளபளப்பாக வெளிவரும். தங்க நிறம் துணியில் ஒட்டுகிறது என்றால் அந்த இடத்தை உடனே விட்டுவிடுங்கள். மரத்துக்கு வார்னிஷ் அடிப்பது, இரும்புக் காலுக்குப் பெயின்ட் அடிப்பது எல்லாம் தேவையில்லை. வாங்குகிறவர் தன் விருப்பப்படி செய்துகொள்ளட்டும்.

அடுத்தது பெல்ட். தோல் பெல்ட் வறண்டு நீண்டு போயிருக்கும். புதிதாக ஒன்று போடுவதே நல்லது. வட்டத் தோல் கயிறு, இரண்டு முனையையும் ஒரு கம்பிக் கொக்கியில் இணைப்பார்கள். அது மட்டும்தான். இறுக்கம் அதிகமானால் மிதிக்கக் கனமாகும், குறைந்தால் வழுக்கும்.

ஊசியைப் பற்றி ஒரு நல்ல செய்தி. எந்தப் பழைய மிஷினும் புது வீட்டில் நிலைக்குமா என்பதை முடிவு செய்வது ஊசிதான் என்பேன். 1865-இல் வந்த சிங்கர் 12 போன்ற மிகப் பழைய மாடல்களுக்குத் தனி ஊசி வேண்டும். அது கிடைப்பது சிரமம். ஆனால் 27, 127 வகைக்கு இன்று எல்லா வீட்டு மிஷினிலும் போடுகிற அதே சாதாரண ஊசி, 130/705 எச் என்று பொட்டலத்தில் போட்டிருக்கும், அது அப்படியே பொருந்தும். நீள பாபின்களும் புதிதாக இன்றும் செய்து விற்கிறார்கள். ஆக, உங்கள் மாமியாரின் மிஷினை வாங்குகிறவர் ஊசிக்கும் பாபினுக்கும் அலைய வேண்டியதில்லை. இதைத் தைக்கிறவரிடம் சொல்லிப் பாருங்கள். "பழசாயிற்றே, எதுவும் கிடைக்காதே" என்ற தயக்கம் போய்விடும்.

உங்களுக்குத் தைக்கத் தெரியுமா என்று கடிதத்தில் இல்லை. தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். புது ஊசி, மேலே ஒரு நிற நூல், பாபினில் வேறு நிற நூல், இரண்டாக மடித்த பருத்தித் துணி. நூல் கோத்திருக்கும்போது துணி வைக்காமல் மிதிக்கக் கூடாது, நூல் ஷட்டிலில் சிக்கிக்கொள்ளும். முதல் சுற்றைக் கையால் உங்கள் பக்கமாகத் திருப்பி விட்டுவிட்டு மிதிக்க வேண்டும், சக்கரம் எதிர்ப்பக்கம் ஓடினால் நூல் அறும். பத்து விரற்கடை நீளத்துக்குத் தைத்தால் போதும். மேல்பக்கம் ஒரு நிறம், கீழ்ப்பக்கம் ஒரு நிறம், இரண்டும் துணியின் நடுவில் பூட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் முடிச்சு தெரியாமல் வந்தால் மிஷின் நலமாக இருக்கிறது. கீழ்நூலின் நிறம் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனை, அதாவது மேல்நூலின் இறுக்கத்தை, கொஞ்சம் தளர்த்துங்கள். அந்தத் துணித் துண்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இடம் தேடித் தரப்போவது அதுதான். எத்தனை படம் போட்டாலும், 'ஓடும் நிலையில்' என்று எத்தனை முறை எழுதினாலும், தைக்கிறவர் கண் முதலில் போவது தையலில்தான்.

மிஷினின் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மிஷினின் வலப்பக்கம், தூண் பலகையில் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது பொறித்திருக்கும். சிங்கரில் 1900 முதல் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து வரும். வெறும் எண் மட்டும் இருந்தால் அதற்கு முந்தையது. பன்னாட்டுத் தையல் மிஷின் சேகரிப்பாளர் சங்கம், இஸ்மாக்ஸ் என்பார்கள், எண்களை வைத்து ஆண்டு கண்டுபிடிக்கும் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அதில் வருவது அந்த எண்கள் தொழிற்சாலையில் ஒதுக்கப்பட்ட காலம். மிஷின் விற்பனையானது அதற்குச் சில மாதம் பிந்தியிருக்கலாம்.

இப்போது, யாரிடம் போக வேண்டும்? நான் முதலில் நினைப்பது, கால் மிஷினையே விரும்பிக் கேட்கிற தையல்காரர்களை. அப்படி ஆட்கள் இருக்கிறார்களா என்று சந்தேகப்படாதீர்கள். மோட்டார் மிஷினில் கால் வைத்ததும் ஓடிவிடுகிறது என்று பயப்படுகிற புதியவர்கள் இருக்கிறார்கள். ஒட்டுத்துணி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேவை நேர்த்தையல் மட்டும்தான், அதை இந்த மிஷின் மிக அழகாகப் போடும். மின்சாரம் இல்லாமல் தைக்க வேண்டியவர்கள், சத்தம் இல்லாமல் இரவில் தைக்க விரும்புகிறவர்கள் என்று இன்னும் உண்டு. இவர்களை நேரடியாகத் தேடுவதைவிட, தையல் மிஷின் பழுது பார்க்கிற ஒருவரிடம் சொல்லி வைப்பது நல்லது. யார் எதைத் தேடுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தையல் வகுப்பு எடுக்கிறவர்களிடமும் சொல்லுங்கள். வகுப்புக்கே வேண்டும் என்று பெரும்பாலும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் எல்லா மாணவர்களுக்கும் ஒரே மாதிரி மிஷின் இருந்தால்தான் பாடம் நடத்த வசதி. ஆனால் வகுப்பில் ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக மிஷின் வாங்க வசதி இருக்காது. அந்தப் பெண் யார் என்று ஆசிரியைக்குத் தெரியும்.

பழைய கருவிகளையும் தையல் மிஷின்களையும் திரட்டி, சரிசெய்து, மின்சாரம் அரிதான இடங்களில் தொழில் தொடங்குகிறவர்களுக்கு அனுப்பும் தொண்டு அமைப்புகளும் உண்டு. கை மிஷினும் கால் மிஷினும் அங்கே பயன்படும். நீள பாபின் வகையை ஏற்பார்களா என்று முன்னாலேயே கேளுங்கள். உதிரி பாகம் எளிதில் கிடைக்கிற வட்ட பாபின் வகையையே சிலர் விரும்பலாம்.

அருங்காட்சியகம் என்று யோசித்திருந்தால், பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் பதில் வரும். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும், வைக்க இடமும் இருக்காது. நாடகக் குழுக்கள் வாங்கிக்கொள்ளும், மேடையில் பழைய காலத்து வீடு காட்ட உதவும். அதில் தவறில்லை, ஆனால் உங்கள் விருப்பம் அது இல்லையே. அந்தப் பழைய சாமான்காரருக்கோ, தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவருக்குக் கால் மட்டும் போதும், தலை எடைக்குப் போய்விடும். தலையும் காலும் ஒரு முறை பிரிந்துவிட்டால் மறுபடி சேருவதே இல்லை. தலையே உடைந்து, சரிசெய்ய முடியாத மிஷினாக இருந்தால் அந்தக் காலில் மேசை போட நானே சம்மதிப்பேன். உங்களுடையது அப்படி இல்லை.

அறிவிப்பு எழுதும்போது 'அபூர்வம்', 'பழங்காலப் பொக்கிஷம்' போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். அவற்றைப் பார்த்து வருகிறவர்கள் அலங்காரத்துக்கு வாங்குகிறவர்கள், வாங்கி விற்கிறவர்கள். தைக்கிறவர் கேட்க நினைப்பதை எழுதுங்கள். உதாரணமாக இப்படி: "சிங்கர் கால் மிஷின், நீள பாபின் வகை. நேர்த்தையல் மட்டும் போடும், ஜிக்ஜாக் இல்லை, பின்னோக்கித் தைக்காது. இன்றைய சாதாரண ஊசி பொருந்தும். ஷட்டிலும் பாபின்களும் உண்டு. பெல்ட் புதிது. தைத்துக் காட்டுகிறோம். தைப்பவருக்கே தர விருப்பம்." குறையையும் மறைக்காமல் எழுதினால் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்துப் போகிறவர்கள் இருக்கமாட்டார்கள். படம் நான்கு போதும்: முழு மிஷின், எண், தகட்டைத் திறந்து ஷட்டில் இருக்கும் இடம், அந்தத் தைத்த துணி.

இலவசமா, விலையா? முன்பின் தெரியாதவருக்கு என்றால் சின்னத் தொகை ஒன்று கேளுங்கள் என்பது என் கருத்து. இலவசம் என்று போட்டால் முதலில் வருகிறவர் வண்டியோடு வந்து எடுத்துப் போய்விடுவார், அவர் தைப்பாரா என்று கேட்கக்கூட நேரம் கிடைக்காது. ஆசிரியை சொன்ன அந்தப் பெண்ணைப் போல ஒருவருக்கு என்றால் சும்மாவே கொடுங்கள். யார் வந்தாலும், "என்ன தைக்கப் போகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். தைக்கிறவர் உடனே துணியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். மிஷின் முன்னால் உட்காரச் சொல்லுங்கள், மிதித்துப் பார்க்கட்டும். கால் மிஷின் பழக ஒரு நாள் ஆகும், முதலில் சக்கரம் பின்னால் ஓடும். அதை வைத்து ஆளை எடைபோட வேண்டாம்.

கொண்டுபோகும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். முதலில் ஷட்டில், பாபின், ஊசி எல்லாம் வெளியே எடுத்துத் தனியாக. பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்ற வேண்டும். பலகையின் பின்பக்கம் இரண்டு கீல் முனைகள் மிஷினுக்குள் போயிருக்கும், அவற்றைப் பிடித்திருக்கும் இரண்டு சின்னத் திருகுகளைத் தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்திருக்க, மற்றவர் திருக வேண்டும். தலை பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், காலில் விழுந்தால் கால் போகும், தரையில் விழுந்தால் வார்ப்பிரும்பு வளையாது, உடையும். மர மூடி இருந்தால் அதன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டாம், பழைய பூட்டு விட்டுவிடும். வண்டியில் தலையைப் போர்வையில் சுற்றித் தட்டையாக வையுங்கள். ஊருக்கு ஊர் பார்சலில் அனுப்புவதை நான் பரிந்துரைப்பதில்லை. நேரில் வந்து எடுத்துப் போகிறவருக்கே கொடுங்கள்.

மாமியாரின் பெயர், எந்த வருடம் முதல் தைத்தார், யாருக்கெல்லாம் என்ன தைத்தார் என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதி டிராயரில் வைத்தனுப்புங்கள். வாங்குகிறவர்கள் இதை ஆசையாகப் பத்திரப்படுத்துவார்கள்.

முதலில் அந்தச் சின்னத் திருகை இறுக்கிப் பாருங்கள். ஊசி அசைந்தாலும் அசையாவிட்டாலும், மிஷினின் எண்ணையும் ஷட்டில் இருக்கும் இடத்தின் படத்தையும் அனுப்பி எழுதுங்கள். மாடலையும், டிராயரில் இருக்கும் ஷட்டில் அதே மிஷினுடையதுதானா என்பதையும் பார்த்துச் சொல்கிறேன்.